கேதீஸ்வரி கட்டிய இரண்டு போத்தல்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல. மட்டக்களப்புக் குருக்கள்மடத்தில் பிரதான வீதியோரம் மண் முட்டியில் தயிரை வைக்கோல் சுற்றிக் கட்டிக்கொடுக்கும் கேதீஸ்வரி அக்காவிடமிருந்து நான் எடுத்தது. களவெடுத்தேன் என்றும் சொல்லலாம். ஆனால் களவெடுத்தவள் அதை உரியவரிடமே கொண்டுபோய் வாசித்துக்காட்டித் திருத்தமும் கேட்டால் அது களவுதானா என்பதைச் சட்டம் படித்தவர்கள் சொல்லட்டும்.

கொழும்பிலிருக்கும் மச்சாளுக்கு நான்கு முட்டி தயிர் பஸ்ஸில் அனுப்பப் போயிருந்தேன். அக்கா வைக்கோலைத் திரித்தபடி, "தங்கச்சி, நான் கப்பலுக்கு வைன் போத்தல் கட்டின கதை தெரியுமா?" என்றார். காலை ஒன்பது மணிக்கு, நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு மனுசி இப்படிக் கேட்டால் எழுதுகிறவள் எவள் எழும்பிப் போவாள்? பஸ் போய்விட்டது. தயிர் அடுத்த நாள்தான் போனது. மச்சாள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

ஒரு விசயம். கதைக்குள் போனதும் அக்காவை 'அவள்' என்றுதான் எழுதுவேன். மரியாதைக் குறைவில்லை. 'அவர்' என்று எழுதினால் அவரை ஒரு முழம் தள்ளி நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. அக்காவிடம் கேட்டேன். "எப்பிடியும் எழுதுங்க, வடிவா எழுதினாக் காணும்" என்றுவிட்டார். அழகாக எழுதினால் போதுமாம்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

முதலாவது: "கடல் நீலமாகக் கிடந்தது. அதன் மேல் வெள்ளையாக ஒரு…" போதும். கடல் நீலம் என்று சொல்லவா உங்களைக் கூப்பிட்டேன்?

இரண்டாவது: "உதயரூபன் செத்து முப்பத்தோராம் நாள், நெல் மூட்டைகளுக்கு நடுவில் அவனுடைய தங்கச்சி இரண்டு போத்தல்களைக் கண்டெடுத்தாள்." நல்ல வசனம். எழுதிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்தேன், அவ்வளவு சந்தோசம். ஆனால் பச்சைப் பொய். அந்தப் போத்தல்கள் அங்கே இருப்பது கேதீஸ்வரிக்கு மட்டுமல்ல, அந்த ஒழுங்கையில் இருக்கும் வீடு ஒவ்வொன்றுக்குமே தெரியும்.

ஆகவே மூன்றாவது. அலங்காரம் ஒன்றுமில்லை.

கேதீஸ்வரிக்கு ஒரே ஒரு அண்ணன், உதயரூபன். தொண்ணூறாம் ஆண்டுப் பிரச்சினையில் பிரான்சுக்குப் போனவன். அங்கே தெற்குப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் பழம் பறித்தான். மகள் பிரஷாந்தி பிறந்த வருடம், தன் கையால் பறித்த பழத்தில் வடித்த வைனில் இரண்டு போத்தலை முதலாளியிடம் கேட்டு வாங்கி வைத்தான். பிள்ளையின் கலியாணத்தன்று திறப்பதற்கு. பிரஷாந்திக்கு ஆறு வயதில் தாய் போய்விட்டாள். பிறகு தகப்பனும் மகளும்தான். அவள் படித்து வேலைக்குப் போனதும் அவன் ஊருக்குத் திரும்பினான். திரும்பும்போது உடுப்பைவிடக் கவனமாகக் கொண்டுவந்தது அந்த இரண்டு போத்தலையும்தான்.

"என்ட பிள்ளைக்கு இஞ்சதான் கலியாணம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். நெல் மூட்டை அறையில், வெயில் படாத மூலையில் போத்தல்களை வைத்தான். இரண்டு வருடத்தில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான்.

பிள்ளையின் கலியாணம் இங்கே நடக்கவில்லை. மாப்பிள்ளை பிரெஞ்சுப் பொடியன், ஓர் உல்லாசக் கப்பலில் இயந்திரப் பொறியாளர். (அக்கா 'மருமகன்' என்று மட்டுமே சொன்னார். நானும் பெயர் வைக்கவில்லை.) கலியாணம் அந்தக் கப்பலிலேயே. சிங்கப்பூரில் ஏறி மூன்றாம் நாள், நடுக்கடலில். பிரஷாந்தி டிக்கெட் அனுப்பிவிட்டு மாமிக்கு அழைப்பு எடுத்தாள்.

"மாமி, அப்பாட பக்கத்தில எனக்கு நீங்க மட்டும்தான். நீங்க வந்தாக் காணும். ஏலுமெண்டா அப்பாட போத்தல் ரெண்டும்…"

அந்த 'ஏலுமெண்டா' கேதீஸ்வரிக்குச் சுருக்கென்று தைத்தது. முப்பது வருடமாக மட்டக்களப்புத் தயிரை மலையேற்றிக் கொழும்புக்கு அனுப்புகிறவள். ஒரு முட்டி உடைந்து வந்ததென்று ஒரு கடைக்காரன் வாய் திறந்ததில்லை. அவளிடமா ஏலுமா என்று கேட்பது?

"ஏலுமா ஏலாதா எண்டு வந்து காட்டுறன்" என்றாள்.

3

இந்தப் பகுதியை நான் சொந்தப் பெருமைக்காகவே எழுதுகிறேன். ஒரு கைவேலையைச் சரியாக எழுதிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

வைக்கோல் புதிதாக இருக்கக்கூடாது, ஈரம் விடும். மிகப் பழையதாகவும் கூடாது, நொறுங்கும். கேதீஸ்வரி போன போகத்து அறுவடை வைக்கோலில் நீளமானதாகத் தெரிந்து எடுத்தாள். முதலில் புரிமணை. முட்டியை நிலத்தில் ஆடாமல் இருத்தும் வைக்கோல் வளையம் அது. முட்டிக்கு அடியில் ஒன்று போதும். போத்தலுக்கு அவள் மூன்று திரித்தாள். அடிக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று. இடைவெளிக்குப் பழைய சீலைத் துணி. அதன்மேல் சணல் கயிறு, குறுக்கும் மறுக்கும். கட்டி முடித்துப் போத்தலைத் தூக்கி, முழங்கால் உயரத்திலிருந்து சீமெந்துத் தரையில் விட்டாள்.

நானாக இருந்தால் கண்ணை மூடியிருப்பேன். அவள் மூடவில்லை. போத்தல் ஒரு தரம் துள்ளி நின்றது.

(இந்த இடத்தில் ஒரு அடிக்குறிப்பு வேண்டும். உண்மையில் விட்டீர்களா என்று அக்காவிடம் கேட்டேன். "ஒண்ட மட்டும்தான். மற்றத விட மனம் வரல்ல" என்றார். இரண்டையும் விட்டதாக எழுதியிருந்தேன். வெட்டிவிட்டேன்.)

4

சட்டம் படித்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. காத்தான்குடியில் டிக்கெட் போட்டுக்கொடுக்கும் றம்ஸீன். கடையில் பயணப் பெட்டியும் விற்கிறார். கப்பல் கம்பனி அனுப்பிய நீளமான கடிதத்தை அவர்தான் தொலைபேசியில் தட்டித் தட்டி வாசித்தார்.

"அக்கா, போத்தல மட்டும் இஞ்ச கொண்டு வந்துராதீங்க. எனக்கு ஹராம், தொட ஏலா. சட்டம் எவ்வளவும் வாசிச்சுத் தாறன்."

"சரி தம்பி, வாசிங்க."

"பிளேனுக்குக் கைப்பையில கொண்டு போக ஏலா. பெட்டிக்குள்ள போட்டுக் குடுக்கணும். கப்பலுக்கு அப்பிடியே மறுபக்கம். பெட்டிக்குள்ள போத்தல் இரிந்தா எடுத்து வெச்சிருவாங்க, இறங்கிற அண்டுதான் தருவாங்க. கையிலதான் கொண்டு போகணும். ஆளுக்கு ஒண்டு."

"நானும் பிள்ளையும் ரெண்டு பேர்."

"அப்ப சரி. மறுகா ஒண்டு. திறக்காத போத்தலா இரிக்கணும்."

"நான் என்னத்துக்குத் தம்பி திறக்கப் போறன்? எனக்கென்ன விசரா?"

றம்ஸீன் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். கடினமான ஓடு உள்ள நல்ல பெட்டி ஒன்றைத் தெரிந்து கொடுத்தார்.

5

இனி வரப்போவதுதான் என்னை மூன்று நாள் தூங்கவிடாத பகுதி. இப்படி ஒரு கெட்டிக்காரி இந்த வேலையைச் செய்வாளா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

நடந்தது இதுதான். தயிர் முட்டியின் வாயைத் தாளால் மூடி, அதன்மேல் பொலித்தீன் போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். எல்லோரும் அதோடு விட்டுவிடுவார்கள். கேதீஸ்வரி விடமாட்டாள். சாக்குத் தைக்கும் ஊசியால் நடுவில் ஒரு துளை குத்துவாள். பஸ் வெயிலில் நின்றால் தயிர் உள்ளே வேலை செய்யும், காற்று ஊதும், பொலித்தீன் வெடித்துப் பக்கத்துச் சீற்றில் இருக்கிறவரின் வெள்ளைச் சேட்டில் அடிக்கும். தொழிலுக்கு வந்த முதல் வருடம் அப்படி ஒன்று நடந்து, பட்ட பேச்சு அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து இந்தத் துளை அவளுடைய கை அடையாளம். அவள் முட்டி உடையாததற்கு வைக்கோல் பாதிக் காரணம் என்றால் துளை மீதிக் காரணம்.

பயணத்துக்கு முதல் நாள் மத்தியானம் பெட்டியை மூடப்போனவள் போத்தலைத் தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ரோட்டில் எட்டு மணித்தியாலம். அதன் பிறகு ஆகாயம். உள்ளே இருப்பதும் புளித்து ஆகிற சாமான்தானே? தயிர் ஒரு நாளில் இந்தப் பாடு படுத்தும் என்றால், இருபத்தெட்டு வருடம் வாய் மூடிக் கிடந்தது என்ன பாடு படுத்தும்? வெடித்தால் அண்ணனின் கையால் பறித்தது என்று உலகத்தில் மிச்சமிருப்பது அவ்வளவும் போயிற்று.

ஊசியை எடுத்தாள். வாயை மூடியிருந்த மெல்லிய தகட்டுக்கு மேலால் வைத்து, தக்கைக்குள் மெல்ல மெல்லத் திருகி இறக்கினாள். இரண்டு போத்தலுக்கும்.

"அண்ணன், மூச்சு விடுங்க" என்றாள். சத்தமாகவே சொன்னாள். வீட்டில் யாரும் இல்லை.

(நான் செய்த ஒரு குழப்படியையும் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது பிரதியில் அந்த ஊசியைப் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தியின் கையில் கொடுத்திருந்தேன். கேதீஸ்வரி தப்பிக்கட்டும் என்ற பாசம்தான். வாசித்துக் காட்டினேன். அக்கா வைக்கோலைக் கீழே போட்டார். "என்ட பிழைய என்னத்துக்கு மற்றாக்களுக்குக் குடுக்கிறீங்க? அவள் என்ன பாவம் செய்தாள்?" ஊசியைத் திருப்பி எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.)

வைன் அறிந்தவர்கள் இதற்குள் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். வெடிக்காது, அது எப்போதோ அடங்கிவிட்டது, காற்றுப் பட்டால்தான் கெடும் என்பீர்கள். எங்கள் ஊர் வெக்கையில் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றபோதே பாதி போயிருக்கும் என்றும் சொல்வீர்கள். எனக்கும் இப்போது தெரியும், படித்துப் பார்த்துவிட்டேன். கேதீஸ்வரிக்கு அன்றைக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது தயிர். தெரிந்த தொழிலை வைத்துத்தான் அவள் பிழைவிட்டாள், தெரியாமல் விட்டிருந்தால் எனக்கு இந்தக் கதை வேண்டியதில்லை.

6

சிங்கப்பூர். கட்டடங்களை வருணித்து ஒன்றரைப் பக்கம் எழுதி… இல்லை. ஹோட்டல் அறைக்கே போவோம்.

பிரான்சிலிருந்து வந்து சேர்ந்த பிரஷாந்தி குளிக்கப் போயிருந்தாள். கேதீஸ்வரி பெட்டியைத் திறந்தாள். போத்தல் இரண்டும் முழுசாக இருந்தன. கழுத்துப் புரிமணைகள் இரண்டும் சிவப்பாக நனைந்திருந்தன.

கசிந்த முட்டியை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் அவை மற்றவர்கள் கட்டியவை. நிலத்தில் இருந்துவிட்டாள். ஒரு நிமிடம்தான். பிறகு எழும்பி, நனைந்த வைக்கோலை உருவிக் குப்பைக்குள் திணித்தாள். போத்தல் வாயைத் துடைத்தாள். புதுத் துணி சுற்றி, கப்பலுக்கென்று வைத்திருந்த கைப்பைக்குள் இரண்டையும் நிறுத்தினாள்.

பிரஷாந்தி தலை துவட்டிக்கொண்டு வந்தாள். "மாமி, ரெண்டும் உடையாம வந்திட்டா?"

"ஓம் மகள். உடையல்ல."

அது பொய்யில்லை. முழு உண்மையுமில்லை. பிள்ளை ஓடிவந்து கட்டிப்பிடித்து, "எனக்குத் தெரியும் மாமி" என்று கொஞ்சினாள். கேதீஸ்வரி அன்றைக்குச் சாப்பிடவில்லை. பிளேன் ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாளித்தாள்.

7

துறைமுகம். முதல் பிரதியில் சோதனை செய்யும் அதிகாரியாக ஒரு சீனரை நிறுத்தியிருந்தேன். அவர் ஆங்கிலத்தில் பேச, பிரஷாந்தி மாமிக்கு மொழிபெயர்க்க, நடுவில் எல்லாம் கொஞ்சம் மழுங்கிப்போயிற்று. அது சரிவரவில்லை. அக்கா சொன்னபடியே தமிழ்ப் பெண்ணை நிறுத்துகிறேன். கேதீஸ்வரிக்கு ஒரு சொல்லும் விளங்காமல் போகக்கூடாது.

மாமி ஒரு போத்தல், மருமகள் ஒரு போத்தல். றம்ஸீன் சொன்ன மாதிரியே இருவரும் கையில் கொண்டுபோனார்கள். மாப்பிள்ளை பின்னால் நின்றார். அதிகாரி கேதீஸ்வரியின் போத்தலை வாங்கி, துணியை விலக்கி, தகட்டின் மேல் பெருவிரலை வைத்தாள். விரலை எடுத்துப் பார்த்தாள். கையுறையில் சின்னதாக ஒரு சிவப்பு.

"அம்மா, இதுல ஓட்டை இருக்குங்க. இது திறந்த பாட்டில் கணக்குத்தான். உள்ள விட முடியாது." மற்றதையும் பார்த்தாள். "இதுவும் அப்படித்தான்."

பிரஷாந்தி முகம் மாறியது. "இல்ல, அது… அப்பா பழைய போத்தல் வாங்கியிருப்பார். இல்லாட்டி பிளேனில ஆரோ…"

தப்பிக்க வழி கிடைத்தது, கவனித்தீர்களா? செத்துப்போன அண்ணன் மேல் போடலாம். விமானக் கம்பனி மேல் போடலாம். கேதீஸ்வரி பேசாமல் நின்றாலே போதும்.

"நான்தான் மகள் குத்தினன்."

"என்ன மாமி?"

"ஊசியால. வெடிச்சிரும் எண்டு பயந்திட்டன். அண்ணண்ட கைபட்டது வேற என்ன இரிக்கி எங்களுக்கு? அதக் காப்பாத்தத்தான் குத்தினன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "முப்பது வருசம் கட்டினன் புள்ள. உன்ட அப்பாட சாமான மட்டும் பழுதாக்கிப் போட்டன்."

வரிசையில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அதிகாரி போத்தல் வாயைத் துணியால் துடைத்து இரண்டையும் பிரஷாந்தியிடம் கொடுத்தாள்.

"உள்ள போகாது. அதுல எனக்கு வேற வழி கிடையாது. வெளில நீங்க என்ன செஞ்சாலும் நான் கேக்க மாட்டேன். கப்பலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு."

8

முடிவுகள்.

அ) அதிகாரி மனம் இரங்கி உள்ளே விடுகிறாள். எழுதினேன். வாசித்தேன். அக்கா சிரித்தார். "ஆரு தங்கச்சி விடுவா? அவளுக்கு வேலை வேணாமா?" கிழித்தேன்.

ஆ) இருவரும் போத்தல்களை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பல் ஏறுகிறார்கள், கேதீஸ்வரி மேல்தளத்தில் நின்று கரையைப் பார்த்து… சோகம் நன்றாக வந்தது. கூடுதலாகவே வந்தது. அந்தப் பிள்ளை தகப்பன் வைத்துவிட்டுப் போனதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறவளா? நீங்கள் அவளைப் பார்த்ததில்லை, நான் தொலைபேசியில் பேசியிருக்கிறேன். போகமாட்டாள்.

இ) நடந்தது.

மூவரும் வெளியே வந்தார்கள். தண்ணீரைப் பார்த்த மாதிரி உட்கார ஒரு நீண்ட வாங்கு. மாப்பிள்ளை கோப்பிக் கடையில் தக்கை திருகியும் கடதாசிக் குவளை மூன்றும் இரவல் கேட்டு வாங்கிவந்தார். (குவளையை இரவல் கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும், தெரியும். அவர் அப்படித்தான் கேட்டாராம், கடைக்காரரும் சரி என்றாராம்.) பிரஷாந்தி பயணச் சட்டைக்கு மேலே, அப்பா ஊரிலிருந்து அனுப்பிய சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மாமி, கலியாணத்தண்டு திறக்கத்தானே அப்பா சொன்னார். எனக்கு இண்டைக்குத்தான் கலியாணம். கப்பலில நடக்கிறது விருந்து."

மாப்பிள்ளை அவள் பக்கத்தில் வந்து நின்றார். இயந்திர எண்ணெய் ஏறிக் கறுத்த விரல்களால் தக்கையை மெல்லத் திருகி எடுத்தார். முழுசாக வரவில்லை. ஊசி போன வழியால் இரண்டாகப் பிளந்து வந்தது. ஒரு குவளைக்குள் கொஞ்சம் ஊற்றி, குடிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். முதல் மிடறு தன்னுடையதல்ல என்று அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். குவளையைப் பிரஷாந்தியிடம் கொடுத்தார்.

பிரஷாந்தியும் குடிக்கவில்லை. மாமியிடம் நீட்டினாள்.

"நான் குடிக்கிற இல்ல மகள்."

"குடிக்க வேணாம். மூக்கில வெச்சு மணந்து பாருங்க. உங்களுக்குத் தெரியும் எண்டு அப்பா சொல்லுவார். மாமி ஒரு தரம் மணந்தாக் காணும், புளிச்சதா பதமா எண்டு சொல்லிப்போடுவா எண்டு." அவள் குவளையை இன்னும் கிட்ட நீட்டினாள். "உண்மையச் சொல்லுங்க மாமி. அப்பாட வைன் பழுதாப் போச்சா?"

கேதீஸ்வரி குவளையை இரண்டு கையாலும் வாங்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

9

இங்கே வந்து எனக்குப் பேனா நிற்கவில்லை, பொய் சொல்லமாட்டேன். மூன்று பதில் எழுதினேன், மூன்றும் நன்றாக வந்தன. "நல்லா இரிக்கி மகள், குடிங்க." இது ஒன்று. "போச்சு புள்ள." இது இன்னொன்று. மூன்றாவதில் அவள் ஒன்றும் சொல்லாமல் வாழ்நாளில் முதல் தரமாக ஒரு மிடறு குடிக்கிறாள். அதை எழுதியபோது நானே அழுதேன், அதனாலேயே அதில் எனக்குச் சந்தேகம்.

வாசித்துக் காட்டினேன். அக்கா முட்டி கட்டுவதை நிறுத்திவிட்டு, மணத்தது என்ன, சொன்னது என்ன, இரண்டையும் எனக்குச் சொன்னார். இரண்டும் ஒன்றுதானா என்பதும் இப்போது எனக்குத் தெரியும். பிறகு, "அத எழுதாதீங்க தங்கச்சி. அந்தப் பிள்ளை வாசிக்கும்" என்றார்.

எழுதவில்லை. இந்தக் கதையில் மற்ற எல்லாவற்றையும் எடுத்தேன், அதை எடுக்கமாட்டேன்.

ஆனால் நீங்கள் சும்மா எழும்பிப் போகவும் விடமாட்டேன். குவளையை வாங்குங்கள். ஊசி குத்தியது உங்கள் கை. பறித்தது உங்கள் அண்ணன். எது கெட்டது, எது கெடவில்லை என்று இந்த வாங்கில் உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. மணந்துவிட்டீர்கள். பிள்ளை உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சொல்லுங்கள்.